20 சென்டிமீட்டர் டியூபும் பழைய வீடியோ டேப்பும்

லேசரை வச்சு எலக்ட்ரானை முடுக்குறதுன்னா லேசர் எலக்ட்ரானை முன்னாடி தள்ளிட்டே போகும்னுதான் நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க, ஆனா நடக்குறது வேற. அமெரிக்காவுல இருக்கற பெர்க்லி லேப்ல 2019ல இப்படி எலக்ட்ரானை முடுக்குனதையே எடுத்துக்கலாம். ஒரு லேசர் பல்ஸ்ல, அதாவது ஒரு சின்ன ஒளித் துணுக்குல, இருந்த எனர்ஜி 30 ஜூல் சொச்சம்தான், ஒரு கிலோ அரிசியை முதல் மாடிக்குத் தூக்குற வேலை, அவ்ளோதான். ஆனா அது மொத்தமும் 35 ஃபெம்டோசெகண்டுக்குள்ள (ஒரு ஃபெம்டோசெகண்ட்னா செகண்டுல கோடி கோடியில பத்துல ஒரு பங்கு) வந்துடுது, அதனால பவர் 850 டெராவாட், அதாவது 850 லட்சம் கோடி வாட். பல்ஸோட நீளம் பத்து மைக்ரான்தான்!

இது ஹைட்ரஜனுக்குள்ள நுழையுறப்ப பல்ஸோட முன்பக்கமே அணுவைப் பிச்சு, எலக்ட்ரானும் புரோட்டானும் தனித்தனியா திரியுற பிளாஸ்மா ஆக்குற அளவுக்கு பவர் இருக்கு. நடுவுல ஒளி ரொம்ப தீவிரமா இருக்கறதால எலக்ட்ரான் எல்லாம் அங்கிருந்து நாலாபக்கமும் ஒதுங்கிடும், புரோட்டான் 1836 மடங்கு கனம்ங்கறதால அசையாம அங்கயே நிக்கும். பல்ஸ் தாண்டிப் போனதும் அந்த பாசிட்டிவ் சார்ஜ் எலக்ட்ரானைத் திரும்ப இழுக்கும், அதுங்க வர்ற வேகத்துல நடுவையும் தாண்டிப் போயிடும், மறுபடி இழுக்கும், இப்படியே லேசருக்குப் பின்னாடி ஒரு அலை ஓடும். அந்த அலைக்குள்ள மாட்டுற எலக்ட்ரான்தான் வேகம் எடுக்குது. டஜிமா, டாசன்னு ரெண்டு இயற்பியலாளர்கள் 1979லயே இதைப் பேப்பர்ல எழுதிட்டாங்க, ஆனா அப்ப இதுக்கேத்த லேசர் கிடையாது, 1985ல ஸ்ட்ரிக்லேண்டும் மூரூவும் பல்ஸை முதல்ல நீட்டி, பெருக்கி, அப்புறம் சுருக்குற வித்தையைக் கண்டுபிடிச்ச பிறகுதான் வழி பிறந்துச்சு.

சாதா ஆக்சிலரேட்டர்ல (துகளை முடுக்குற மெஷின்ல) மின்புலத்தை ஏத்திட்டே போனா உலோகச் சுவர்ல ஸ்பார்க் அடிச்சிடும். பிளாஸ்மா ஏற்கனவே உடைஞ்சு கிடக்குற சமாச்சாரம், அதுல இன்னும் உடைய என்ன இருக்கு? அதனாலதான் பெர்க்லியில 20 சென்டிமீட்டர் டியூப்ல எலக்ட்ரானுக்கு 7.8 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் எனர்ஜி வந்துச்சு. கலிஃபோர்னியாவுல இருக்கற ஸ்லாக்ங்கற சாதா ஆக்சிலரேட்டர்ல 50 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வர 3 கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்துச்சு.

சரி, அப்ப ஏன் டியூப் 2006ல 3.3 சென்டிமீட்டர், 2014ல 9, அப்புறம் 20ன்னு நீண்டுக்கிட்டே போச்சு? பிளாஸ்மாவுக்குள்ள லேசர் கொஞ்சம் மெதுவா போகும், எலக்ட்ரான் கிட்டத்தட்ட ஒளி வேகத்தைத் தொட்டதும் அலையை முந்திட்டு, தன்னையே பிரேக் போடுற பக்கத்துக்குப் போயிடும். அடர்த்தியைக் குறைச்சா முந்த நேரமாகும், ஆனா இழுப்பும் குறையும், அதனால நீளமா ஓடணும், லேசரோ ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்லயே விரிஞ்சிடும். அதைத் தடுக்க மெல்லிசான சஃபையர் டியூப்ல வாயுவுக்குள்ள கரண்ட் விட்டு நடுவுல அடர்த்தி குறைச்சலா, சுவர் பக்கம் அதிகமா வச்சாங்க, ஒளி நடுப்பக்கமே வளைஞ்சு ஓடும். 2019ல நடுவுல அடர்த்தி இன்னும் குறையட்டும்னு இன்னொரு லேசரால அதை இன்னும் சூடாக்குனாங்க.

பேப்பர்காரங்க ‘மேஜை மேல ஆக்சிலரேட்டர்’னு போடுறதைப் பார்த்தா சிரிப்பு வருது, டியூப் மேஜை மேல வைக்கலாம், லேசருக்கு ஒரு பெரிய ரூமே வேணும்ங்க.

என்னைக் கேட்டா 7.8ஐ விட 2016ல அதே லேப்ல பண்ணதுதான் பெரிய விஷயம். போகப் போக லேசரோட எனர்ஜி தீர்ந்துடும், அதனால ஒரே டியூபை நீட்டிட்டே இருக்க முடியாது, ரெண்டாவது டியூபும் புது லேசரும் வேணும். அந்த ரெண்டாவது லேசரை எலக்ட்ரான் வர்ற பாதையிலயே திருப்பி விடணும், சாதா கண்ணாடி வச்சா அந்தத் தீவிரத்துல பொசுங்கிடும். அவங்க வச்சது பழைய விஎச்எஸ் வீடியோ டேப்! லேசர் பட்டதும் டேப் மேல்பரப்பு அடர்த்தியான பிளாஸ்மாவா மாறும், அவ்ளோ அடர்த்திக்குள்ள ஒளியால நுழைய முடியாது, திரும்பிடும், எலக்ட்ரான் மட்டும் டேப்பைத் துளைச்சுட்டு நேரா போயிடும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் டேப் கொஞ்சம் நகர்ந்து புது இடம் வரும். ரெண்டாவது கட்டத்துல கூடுனது 100 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான், ஆனா தனித்தனி லேசர் வச்ச ரெண்டு கட்டத்தைக் கோத்து எலக்ட்ரானை முடுக்க முடியும்னு முதல்முறையா காட்டுனது அதுதான்.