குண்டசாலை வீடும் மேசன் மாமாவும்

ஹட்டனிலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்து நாலு வருடம் வாடகை கட்டினேன். கட்டும் காசை ஒரு வீட்டுக்கே கட்டலாமே என்று தேடியபோதுதான் குண்டசாலையில் அந்தத் தொடர்மாடி வீடு கிடைத்தது. இரண்டாம் மாடி, இரண்டு அறை, 900 சதுர அடி, விலை 2 கோடி 20 லட்சம். தரகர் சதுர அடிக் கணக்கையும் போட்டுக் காட்டினார்: 24,500 ரூபாய்கூட வராதாம்.

தொடர்மாடியில் ஒவ்வொரு வீட்டின் அளவையும் பொதுப் பகுதிகளையும் காட்டும், பதிவான கூட்டாதன வரைபடத்தைச் சட்டத்தரணி அக்கா எடுத்துத் தந்த பிறகுதான் வீடு 790 சதுர அடி என்று தெரிந்தது. மிச்சம் வாகனத் தரிப்பிடமும் படிக்கட்டில் வரும் பங்கும். அப்படிப் பார்த்தால் சதுர அடி 27,800ஐத் தாண்டுகிறது. காணிப் பதிவகத்தில் அதே கட்டடத்தின் இன்னொரு வீடு போன வருடம் 1 கோடி 85 லட்சத்துக்குக் கைமாறியிருந்தது. "விற்பனை உறுதிப் பத்திரத்தில் எழுதிய விலையை அப்படியே நம்பாதீங்க தம்பி, குறைச்சு எழுதுறவங்களும் இருக்காங்க" என்றார் அக்கா. சரி, ஒரு கைப்பிடியாவது கிடைத்ததே.

ஆனால் எனக்கு வீட்டின் உண்மையான விலையைக் காட்டியது மேசன் வேலை செய்யும் மாமாதான். நல்ல மழை நாளாகப் பார்த்துப் போவோம் என்றார். கட்டடத்துக்குப் பின்னால் மலையை வெட்டி எழுப்பிய தாங்குசுவர். அதில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் வடிய வரிசையாக பைப் துண்டுகள் வைத்திருந்தார்கள். மூன்றில் தண்ணீர் ஒழுகியது, மற்றவை காய்ந்து கிடந்தன. ஒழுகுவதைப் பார்த்து நான் பயந்தேன். மாமா சிரித்தார். "ஒழுகட்டும்டா. இந்த மழைக்கும் தண்ணி வராத பைப்பைப் பாரு, உள்ள மண்ணு அடைச்சிருக்கு. அந்தத் தண்ணியெல்லாம் சுவத்துக்குப் பின்னாலதான் நிக்குது." குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். சுவரின் நடுப்பகுதி லேசாக வயிறு தள்ளியிருந்தது. வெயில் நாளில் இரண்டு முறை வந்திருந்தேன், பால்கனியிலிருந்து தெரியும் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள், தொழிலாளர் குடியிருப்புகள், மண்ணுக்குள் போனதைப் பார்த்த தலைமுறை நாங்கள். மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தூங்குவது லேசில்லை. மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தையும், அனுமதித்த வரைபடப்படியே கட்டியிருக்கிறது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழையும் கேட்டு வாங்கினேன். இரண்டும் சரியாக இருந்தன. சுவரைக் கட்டிய பிறகு பைப்பைத் துப்பரவாக்க ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

பராமரிப்புப் பணம் மாதம் 8,000. விற்பவர் ஐந்து மாதம் பாக்கி வைத்திருந்தார். அது தரகர் வாயில் வரவேயில்லை.

அப்புறம் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார். சந்தைப் பெறுமதி 1 கோடி 95 லட்சம் என்று எழுதினார். அவசரத்துக்கு விற்றால் கிடைக்கக்கூடிய, ‘போர்ஸ் சேல்’ என்கிற தொகை 1 கோடி 56 லட்சம். கடனுக்கு வங்கி பார்த்தது இரண்டாவதை. முத்திரை வரி வேறு: முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். கிட்டத்தட்ட 8 லட்சம் கையிலிருந்து போகும் என்பதை நான் கணக்கில் சேர்த்திருக்கவே இல்லை.

வரைபடம், மதிப்பீட்டு அறிக்கை, சுவரின் போட்டோ மூன்றையும் மேசையில் வைத்துத்தான் விற்பவரிடம் பேசினேன். 1 கோடி 98க்கு இறங்கினார். பாக்கியையும் சுவர்த் திருத்தத்தில் தன் பங்கையும் கட்டிய பிறகே கையொப்பம் என்று பேசி முடித்தோம்.

உறுதி எழுதிய அன்றும் மழை. நொத்தாரிசிடம் வரும்படி நான் சொல்லியிருந்த மாமா, நேரே சுவரைப் பார்க்கப் போய்விட்டார்.