ஓவியப் படிப்பு நேர்முகத் தேர்வு: "உங்களுக்கு உந்துதல் யார்?"

ஓவியம், சிற்பம் படிக்கச் சேருகிறவர்களிடம் நேர்முகத்தில் இந்தக் கேள்வியை எப்படியும் கேட்டுவிடுவார்கள். பிக்காசோ, வான்கோ என்று பெயர் சொல்வது சுலபம். "சரி, அவரிடம் எது?" என்று அடுத்து கேட்கும்போதுதான் பலருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. நான் தயாரான விதம் எனக்குக் கைகொடுத்தது, அதனால் எழுதுகிறேன்.

கலைஞர்களின் புகழ்பெற்ற படைப்புகளை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டு, பள்ளி வயதில் அவர்கள் கண்ணில் எது பட்டது என்று தேடிப் படித்தேன். சிற்பிகள் ஹென்றி மூர், பார்பரா ஹெப்வொர்த் இருவரும் இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் பிறந்தவர்கள். லீட்ஸ் கலைப் பள்ளியிலும், பிறகு லண்டன் ராயல் கலைக் கல்லூரியிலும் ஒரே காலத்தில் படித்தவர்கள். பிறந்த வட்டாரமும் ஒன்று, கல்லூரியும் ஒன்று, ஆனால் உந்துதல் வேறு வேறு. ஹெப்வொர்த் பள்ளி மாணவியாக இருந்தபோது, எகிப்தியச் சிற்பங்களைப் படமாகக் காட்டித் தலைமையாசிரியை பேசியதைக் கேட்டார். அப்பாவுடன் காரில் போகும்போது குன்றுகளையே சிற்பங்களாகப் பார்த்தார். மூருக்குப் பள்ளியில் ஆலிஸ் காஸ்டிக் என்ற ஓவிய ஆசிரியை கிடைத்தார். வீட்டில், வாதத்தால் வலித்த அம்மாவின் முதுகில் மூர் தைலம் தேய்த்துவிடுவார். கை அறிந்த அந்த முதுகுதான், பல பத்தாண்டுகள் கழித்து அவர் செய்த அமர்ந்த பெண் சிற்பத்துக்குள் வந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வங்காளத்தில் தாகூர் தொடங்கிய சாந்திநிகேதன் பள்ளியின் மாணவரான ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜிக்குச் சிறுவயதிலிருந்தே பார்வை மிகக் குறைவு. அவர் வரைந்ததோ கண்ணுக்கெட்டும் தூரம்வரை விரியும் வெட்டவெளி நிலத்தை! 1950களில் பார்வை முழுவதும் போன பிறகும் காகிதம் வெட்டி ஒட்டியும் களிமண்ணிலும் வேலை செய்தார்.

இவர்களைப் படித்த பிறகு, நான் தினமும் பார்க்கும் ஒன்றை எடுத்துக்கொண்டேன்: துணி தைக்கும் அம்மாவின் கை. கட்டைவிரல் மூட்டை மட்டும் பக்கம் பக்கமாக வரைந்தேன். ஊசியை அழுத்தும்போது நகத்தின் நுனி வெளுக்கும், மூட்டின் மேல்தோல் இழுபட்டுச் சுருக்கங்கள் மறையும். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அன்று கவனித்ததை ஒரு வரி எழுதிவைத்தேன். நீங்களும் இப்படி எழுதுங்கள், நேர்முகத்தில் பதிலைத் தேட வேண்டியிருக்காது.

பிடித்த கலைஞரைப் பார்த்து வரைவதில் தவறே இல்லை. முழுப் படத்தையும் நகலெடுக்காமல், கோடோ நிழலோ ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துப் பழகுங்கள்.

நேர்முகத்தில் காட்டும் படத்தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் முடித்த படங்களை மட்டும் அடுக்காமல், அடித்துத் திருத்திய பக்கங்களையும் வையுங்கள். என்னிடம் கேள்வி கேட்டவர் முடித்த படங்களைச் சட்டென்று புரட்டிவிட்டு, கட்டைவிரல் பக்கங்களில்தான் நின்றார். "ஏன் இதையே?" என்று கேட்டார். அம்மா ஊசி பிடிப்பதிலிருந்து ஆரம்பித்து, மூர் வரைக்கும் பேசினேன்.