அரை நிமிட எமரித்தாள்

எண்பது வருடம் துருவுக்குத் தப்பிக் கிடந்த இரண்டு எழுத்துகளை நான் அரை நிமிடத்தில் தேய்த்து அழித்துவிட்டேன். துப்பாக்கிக் கட்டையையும் குழலையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்புப் பட்டையின் ஓரத்தில், மிளகு அளவுக்கு ‘எல்.பி.’ என்று குத்தியிருந்தது. லாங் பிராஞ்ச் துப்பாக்கி ஆலையின் முத்திரை. துருவுக்கு அடியில் இருந்ததால் கண்ணில் படவில்லை. பாதி ‘எல்’ மட்டும் மிச்சமிருந்தபோதுதான் கை நின்றது. பழைய இரும்பைத் தொடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: முதலில் எண்ணெய், அப்புறம் துணி, அப்புறம் பூதக்கண்ணாடி. எமரித்தாளைப் பூட்டி வையுங்கள்.

நான் புதுப்பித்துக்கொண்டிருந்த துப்பாக்கி ஒரு லீ என்ஃபீல்ட், போர்க்கால ராணுவ ரைஃபிள், நம்பர் 4 மார்க் 1 ஸ்டார், 1943. நம்மூர்க் காவலர்கள் தோளில் நாம் பார்த்து வளர்ந்த த்ரீ நாட் த்ரீக்குத் தம்பி முறை. நான் இருப்பது டொரொன்டோ பக்கம். இது பிறந்த இடம் என் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம், மிசிசாகாவில் ஏரிக்கரைச் சாலை ஓரத்தில். 1940-இல் கனடா அரசு தொடங்கிய அந்த ஆலையில் 9 லட்சத்துக்கும் மேல் ரைஃபிள்கள் செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள். இப்போது தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும் சோதனைக் கட்டடமும்தான் மிச்சம். அந்தக் கட்டடத்தில் கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

போர் முடிந்ததும் இவற்றை மலிவாக விற்றுத் தள்ளினார்கள். வாங்கியவர்கள் மான் வேட்டைக்குத் தூக்க இலகுவாக இருக்கட்டும் என்று முன்கட்டையை ரம்பத்தால் அறுத்து, மேல்மூடிகளையும் பட்டைகளையும் குப்பையில் போட்டார்கள். எனக்குக் கிடைத்ததும் அப்படி மொட்டையடிக்கப்பட்ட ஒன்று. ஆனால் குழலை அறுக்கவில்லை. குழலை அறுத்திருந்தால் விலை பாதியானாலும் வாங்கியிருக்க மாட்டேன். கட்டையையும் பட்டைகளையும் தேடிப் பொருத்திவிடலாம், அறுத்த குழல் திரும்ப வளராது.

கனடாவில் துப்பாக்கி உரிமம் எடுக்கும் கதை இங்கே பலருக்கும் தெரியும். ஒரு நாள் வகுப்பு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, முதல்முறைக்காரர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. எனக்கு அது மூன்று மாதமானது, தவறு என்னுடையது. புகைப்படத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்காமல் அனுப்பினேன், மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. “ஏங்க, பரணில் கிடக்கிற தையல் மெஷினையே இன்னும் ரிப்பேர் பண்ணல, துப்பாக்கியா?” என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

எரிச்சல் வந்தது கடையில். இரண்டு மணி நேரம் வடக்கே ஒரு சின்ன ஊர். போனில் கேட்டபோது “உரிமத்தோடு வாருங்கள், வாங்கிக்கொண்டு போகலாம்” என்றார்கள். 2022 மே மாதத்திலிருந்து இந்த வகைத் துப்பாக்கிக்கும் விற்பவர் நம் உரிமத்தைச் சரிபார்த்து ஒரு எண் வாங்க வேண்டும், அது வராமல் கை மாறக் கூடாது. திங்கட்கிழமை போய் நின்றேன். அந்தச் சரிபார்ப்பைச் செய்கிறவருக்குத் திங்கட்கிழமை விடுமுறையாம். இதைப் போனில் சொல்ல முடியாதா என்றதற்கு, “நீங்கள் கேட்கவில்லையே” என்று பதில். பனியில் நான்கு மணி நேர ஓட்டம், கையில் ஒரு காபி மட்டும். புறப்படும் முன் “எண் வந்துவிட்டதா?” என்று கேளுங்கள். “துப்பாக்கி இருக்கிறதா?” என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

எண் வந்த பிறகு மறுபடி போய் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் பிரிக்கும் வேலை. பின்கட்டையைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டை முதலில் திருகாதீர்கள். லீ என்ஃபீல்டிலேயே பழைய நம்பர் 1 வகையில் அந்த போல்ட்டின் சதுர நுனி முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு தகட்டில் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் திருகினால் மரம் பிளந்துவிடும். நம்பர் 4-இல் பலவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை, இருந்தாலும் முன்கட்டை முதலில் என்ற வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது. அதை ஒழுங்காகச் செய்தேன். கோட்டை விட்டது ஒரு திருகாணியில். சாதாரண ஸ்க்ரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், திருகாணித் தலையின் காடிக்குள் முழுதாக உட்காராது. ஒரே திருகில் வழுக்கித் தலையைச் சிதைத்துவிட்டது. காடிக்குச் சரியாகப் பொருந்தும் நுனியும், ஒரு இரவு ஊறிய எண்ணெயும் இருந்திருந்தால் தானாக வந்திருக்கும். ஹார்டுவேர் கடையில் மாற்றுத் திருகாணி கிடைக்கும் என்று போனேன், அதுவும் வீண். இதன் மரை வேறு கணக்கு, அங்கிருக்கும் எதுவும் ஏறாது.

தோட்டா உட்காரும் சேம்பர், அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் (இது திருகுகிற போல்ட் இல்லை), குழல் மூன்றையும் நான் தொடவில்லை. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குபவை அவைதான். அந்த வேலை உரிமம் பெற்ற கன்ஸ்மித்துக்கு, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்கு. இந்த ரைஃபிளுக்கு போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை நான்கு அளவில் வந்தன. தோட்டாவுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியைச் சரிசெய்ய அவற்றில் எது பொருந்துமோ அதை மாட்டுவார்கள். அவர் அளவுகோல் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். பத்து நிமிட வேலை.

எனக்கு மிஞ்சியவை தேடிப் பிடித்த பழைய பட்டைகள், வளையங்கள், திருகாணிகள். இவற்றுக்குக் கறுப்பேற்றுவதில்தான் மூன்று ஞாயிறு போனது. முறை எளிது. இரும்பில் துளி எண்ணெய் இல்லாமல் துடைத்து, கடையில் விற்கிற துருக் கரைசலைப் பூசி, ஈரமான இடத்தில் சில மணி நேரம் வைக்க வேண்டும். வெல்வெட் மாதிரி செந்துரு படரும். அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் செந்துரு கருந்துருவாக மாறும். மேலே நிற்கும் தூளை மெல்லிய ஸ்டீல் உல்லால் (இரும்பு இழைப் பஞ்சு) தடவி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஐந்தாறு சுற்றில் ஆழமான கறுப்பு வரும்.

முதல் ஞாயிறு துருவே வரவில்லை. நான் தூத்துக்குடியில் வளர்ந்தவன். அங்கே வருடா வருடம் பெயின்ட் அடித்தும் வீட்டு கேட்டைத் துருவிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை. இங்கே ஜனவரியில் உட்கார்ந்து துரு வா வா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று எலும்புபோல் காய்ந்திருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வெந்நீரில் நனைத்த துண்டோடு வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது.

இரண்டாம் ஞாயிறு கறுப்பு வந்தது, ஆனால் தேமல் மாதிரி திட்டுத் திட்டாக. காரணம் இரண்டு. புது ஸ்டீல் உல் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியே வருகிறது. அதை அசிட்டோனில் அலசாமல் தேய்த்தால் நாமே எண்ணெய் பூசுகிறோம். அலசும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டாவது காரணம் குழாய்த் தண்ணீர். ஏரித் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துவிட்டன. பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் நான்கு கேன் வாங்கினேன். பாத்திரமும் தனியாக வாங்கினேன், சமையல் பாத்திரத்தில் கைவைத்தால் என்ன நடக்கும் என்று தெரியும்.

மூன்றாம் ஞாயிறு சரியாக வந்தது. கடைசிச் சுற்று முடிந்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, எண்ணெயில் ஊறப்போட வேண்டும். சோடாவை நான் விட்டுவிட்டேன். மறுநாள் காலை மூலைகளில் பழுப்பாகக் கசிந்திருந்தது. இன்னொரு தடவை கொதிக்க வைத்தேன். போர்க்காலத்தில் ஆலையில் இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்க மாட்டார்கள், அதனால் இது அசல் மெருகு இல்லை என்று சுத்தவாதிகள் சொல்வார்கள். சொல்லட்டும்.

மரவேலையைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

ஏப்ரலில் சுடுதளத்துக்குக் கொண்டுபோனேன். 100 கெஜத்தில் முதல் ஐந்து குண்டும் நடுப்புள்ளிக்கு ஒரு சாண் மேலே. கன்ஸ்மித் ஏதோ தவறவிட்டாரோ என்று வயிற்றைக் கலக்கியது. பக்கத்துத் தடத்தில் இருந்த பெரியவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். குறி பார்க்க இதன் பின்பார்வையில் இரண்டே துளைகள், ஒன்று 300 கெஜத்துக்கு, இன்னொன்று 600-க்கு. கிட்டத்தில் சுட்டால் மேலேதான் போகும், கீழே குறி வையுங்கள் என்றார். வைத்தேன். அடுத்த ஐந்தும் என் உள்ளங்கைக்குள் அடங்கின.

போன மாதம் ஒரு கண்காட்சியில் பெட்டி நிறைய உதிரிகளைக் கிளறி, தெளிவாக ‘எல்.பி.’ குத்திய ஒரு நடுப்பட்டை வாங்கினேன். முழுக்கத் துரு. மேசையில் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது. இப்போது ஜூன், காற்றில் ஈரம் இருக்கிறது, பிளாஸ்டிக் பெட்டி தேவைப்படாது.