தணலில் சுட்ட கறிக்கு எந்த ஒயின்? செய்து பார்த்தவரை

தணலில் சுட்ட உணவுக்கு ஒயின் எடுக்கும்போது கறி எது என்பதைவிட, அதன் மேல் என்ன பூசியிருக்கிறது, எவ்வளவு கருகியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதுவரை செய்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இதுதான். மாட்டுக்கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்ற கணக்கு கிரில்லில் பாதி தூரம்தான் வரும். கருகல், புகை, சாஸ், காரம் எல்லாம் மேலே ஏறிக்கொள்கின்றன. ஒயின் முதலில் சந்திப்பது அவற்றைத்தான்.

சோதிக்க ஒரு எளிய முறை வைத்திருக்கிறேன். ஒரே மாட்டுக்கறித் துண்டை மூன்றாக வெட்டி, ஒன்றுக்கு உப்பு மட்டும், இன்னொன்றுக்கு மிளகாய்த் தூள், மூன்றாவதுக்கு இனிப்பான பார்பெக்யூ சாஸ். பக்கத்தில் கேபர்னே சாவிஞோன், ஷிராஸ் என்ற இரண்டு சிவப்பு ஒயின்கள், லேசாக இனிக்கும் ஜெர்மன் வெள்ளை ஒயின் ரீஸ்லிங், ஒவ்வொன்றிலும் கொஞ்சம். கறி சாப்பிடும் முன் ஒரு வாய், சாப்பிட்ட பின் ஒரு வாய். இடையில் தண்ணீர். கூட இருப்பவர்களிடம் பேசும் முன்பே தோன்றியதை எழுதிவிடுவது நல்லது. ஒருவர் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் அப்படியே தோன்ற ஆரம்பித்துவிடும்.

உப்பு மட்டும் போட்ட துண்டில் கேபர்னே வென்றது. தனியாகக் குடித்தபோது வாழைக்காயைப் பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கு வறண்டு பிடித்தது. ஓரத்துக் கொழுப்போடு ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி குடித்தால் அந்தத் துவர்ப்பு எங்கே போனது என்று தெரியவில்லை, பழச் சுவை முன்னால் வந்து நின்றது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கறியின் கொழுப்பும் புரதமும் வாயில் இருக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. உப்பு கசப்பையும் அடக்குகிறது. அதனால் இந்த மாதிரிக் கறிக்கு உப்பைத் தயங்காமல் போடுங்கள்.

மிளகாய்த் துண்டில் கதை மாறியது. ஷிராஸ் 14.5 சதவீத ஆல்கஹால். ஒரு வாய் குடித்ததும் காரம் இரண்டு மடங்கானது போல இருந்தது. இதற்கும் காரணம் உண்டு. மிளகாயின் கேப்சைசின் தூண்டுகிற அதே சூட்டு உணர்வியை ஆல்கஹாலும் கூர்மையாக்குகிறது. ரீஸ்லிங்கில் ஆல்கஹால் 9 சதவீதத்தை ஒட்டித்தான், போதாததற்குக் குளிர்ச்சி, கொஞ்சம் சர்க்கரை. காரம் அடங்கி, கறியின் ருசி திரும்பக் கிடைத்தது. மாட்டுக்கறிக்கு வெள்ளை ஒயினா என்று யாராவது கேட்டால் இந்தத் துண்டைத்தான் நீட்டுவேன்.

இனிப்பு சாஸ் இன்னும் கறாரானது. சாஸை விட ஒயினில் இனிப்பு குறைவாக இருந்தால் ஒயின் புளித்து, மெலிந்து போகிறது. கேபர்னேவுக்கு அதுதான் நடந்தது. அப்புறம் வேறொரு முறை, இதே சாஸ் பூசிய பன்றி விலாவுக்கு லேசாக இனிக்கும் லம்ப்ருஸ்கோ வைத்தேன். இத்தாலியின் நுரைக்கும் சிவப்பு ஒயின் அது. நுரையும் புளிப்பும் கொழுப்பை வழித்துக்கொண்டு போயின, அதன் இனிப்பு சாஸுக்கு ஈடு கொடுத்தது. இவ்வளவு பொருத்தமான ஜோடியை நான் இதுவரை வேறு பார்க்கவில்லை. சாஸை மட்டும் கடைசிச் சில நிமிடங்களில் பூசுங்கள். முன்பே பூசினால் சர்க்கரை கருகிக் கசக்கும். அந்தக் கசப்போடு டானினும் சேர்ந்தால் எந்த ஒயினும் தேறாது.

புகையில்தான் எனக்கு எதிர்பாராதது கிடைத்தது. விறகு எரியும்போது அதன் லிக்னின் உடைந்து குவயகால் என்ற வாசனைப் பொருள் உண்டாகிறது. உள்ளே தீயில் வாட்டிய ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஒயினிலும் அதே பொருள் உண்டு. இரண்டும் ஒத்துப்போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். செய்து பார்த்தால் புகைமேல் புகை ஏறி, பழம் மறைந்துவிடுகிறது. நீண்ட நேரம் புகையில் வெந்த கறிக்கு ஓக் வாசனை குறைந்த, இளம் பழச் சுவையுள்ள சிவப்பு ஒயின்களான மால்பெக் அல்லது கிரெனாஷ்தான் இப்போது என் தேர்வு.

ஒத்த வாசனை உதவுகிற இடங்களும் இருக்கின்றன. ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரோடன்டோன் என்ற வாசனைப் பொருள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். மிளகிலும் அதேதான் இருக்கிறது. மிளகை நொறுக்கித் தடவிய ஆட்டு விலாவுக்கு ஷிராஸ் கச்சிதம். சுட்ட குடைமிளகாய்க்கும் சாவிஞோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினுக்கும் பைரசின் என்ற வாசனைப் பொருள் பொது. தோல் கருகும்வரை சுட்டு உரித்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

மீன் பற்றிச் சுருக்கமாக: சிவப்பு ஒயினோடு வரும் அந்தக் கவிச்சிக்கு ஒயினில் உள்ள இரும்புச் சத்து ஒரு காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. நான் அல்பரீனோ என்ற வெள்ளை ஒயின் பக்கமே நிற்கிறேன்.

வெளியில் சமைக்கும்போது பலரும் கவனிக்காதது வெப்பநிலை. அடுப்புப் பக்கத்தில் வைத்த சிவப்பு ஒயின் சீக்கிரமே 25 டிகிரியைத் தாண்டிவிடும், மூக்கில் ஆல்கஹால்தான் ஏறும். பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்த வாளியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, 16 டிகிரி பக்கம் கொண்டுவந்தால் அதே பாட்டில் வேறு ஒயின் போல இருக்கிறது. காமே போன்ற இலகுவான சிவப்பு என்றால் 13 டிகிரி கூடச் சரி. இன்னொன்று, கறி சுடுபவரின் மூக்கு புகைக்குப் பழகி மரத்துப்போயிருக்கும். சுவை பார்க்கும் முன் அவர் கொஞ்ச நேரம் தள்ளிப்போய் நிற்க வேண்டும்.

அடுத்து கோழித் தொடை. பாதிக்கு உப்பும் எலுமிச்சையும், பாதிக்குப் புகைத்த மிளகாய்த் தூள். ஒயின் காமேயும், இனிப்பில்லாத ரோசே என்ற இளஞ்சிவப்பு ஒயினும். ஒரே தொடையைக் கரியடுப்பிலும் கேஸ் கிரில்லிலும் சுட்டு, புகை இல்லாதபோது ரோசே எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கப்போகிறேன்.