துரினி கணவாயும் மூன்று மீட்டர் காரும்

தெற்குப் பிரான்சின் நீஸ் நகரில் வாடகைக்கு எடுத்த காரில் சொஸ்பெல், முலினே ஊர்களைக் கடந்து துரினி கணவாய்க்கு ஏறிய சாலை, பல இடங்களில் ஒன்றரை வண்டிக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவை ஒரே திருப்பில் கடக்க முடியாமல், பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் பள்ளம். பல நகரங்களிலிருந்து புறப்பட்டு மொனாக்கோவில் முடிந்த கார் பந்தயமான மான்டே கார்லோ ராலியின் வீரர்கள் இதே சாலையை நள்ளிரவில், பனியின் மீது, கடிகாரத்துக்கு எதிராக ஓட்டியிருக்கிறார்கள்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம், அந்த ராலியை வென்ற மினி என்ற கார். 1956 சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, சிக்கனமான குடும்ப வண்டியாக அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1959இல் விற்பனைக்கு வந்த அந்தக் காரின் நீளம் மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும். சக்கரமோ பத்து அங்குலம்தான். பந்தயக் கார்களைக் கட்டிவந்த ஜான் கூப்பர் அதில் ஒரு பந்தய வண்டியைக் கண்டார்; மினியின் பந்தய வடிவமான கூப்பர் எஸ் பிறந்தது.

1607 மீட்டர் உயரத்தில், கணவாயின் உச்சியில், வண்டியை நிறுத்திவிட்டுச் சாலையோரப் பனியில் நடந்து பார்த்தேன். ஷூ வழுக்கியபோதுதான் படித்தறிந்திருந்த விஷயம் காலுக்கும் புரிந்தது. மினியில் எஞ்சின் குறுக்காக, முன்சக்கரங்களுக்கு மேலேயே அமர்ந்திருக்கிறது. இழுக்கும் சக்கரங்களும் அவையே என்பதால், பனியில் எடை எங்கே அழுத்த வேண்டுமோ அங்கேயே அழுத்துகிறது. பின்னிஷ் ஓட்டுநர்களான ரௌனோ ஆல்டோனனும் டிமோ மாக்கினனும் இதோடு ஒரு வித்தையைச் சேர்த்தார்கள். வலக்காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்காமலே இடக்காலால் பிரேக்கை மிதித்தால், வண்டியின் பின்பகுதி வழுக்கித் திரும்ப, முன்சக்கரங்கள் வளைவுக்குள் இழுத்துச் செல்லும். நான் திணறிய வளைவை அவர்கள் இப்படித்தான் கடந்திருப்பார்கள்.

1964இல் மின்ஸ்க் நகரிலிருந்து புறப்பட்ட ஓட்டுநர் பேடி ஹாப்கிர்க்கும் துணை ஓட்டுநர் ஹென்றி லிடனும் 1071 சிசி மினியில் வென்றபோது, அவர்களை விரட்டி வந்தது 4.7 லிட்டர் எஞ்சின் கொண்ட ஃபோர்டு ஃபால்கன். எஞ்சின் அளவையொட்டிய சலுகைக் கணக்கு அந்த ஆண்டு சின்ன வண்டிக்கு உதவியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் 1965க்கு அத்தகைய விளக்கம் தேவையில்லை. கடும் பனிப்புயலில் புறப்பட்ட 237 வண்டிகளில் 35 மட்டுமே மொனாக்கோவை எட்ட, மாக்கினனும் பால் ஈஸ்டரும் சாலைப் பகுதியில் ஒரு தண்டப் புள்ளிகூடப் பெறாமல் வந்து சேர்ந்தார்கள். என் கணக்கில் மினியின் உச்சம் அதுதான்.

லா பொல்லேன் பக்கமாக இறங்கும்போது இருட்டிவிட்டது. எதிரே ஒரு வண்டி வர, விளக்கைத் தாழ்த்தினேன். 1966 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு மாக்கினன், ஆல்டோனன், ஹாப்கிர்க் மூவரும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தும், முகப்பு விளக்கின் ஒற்றை இழை பல்புகளும் ஒளியைத் தாழ்த்தும் முறையும் விதிக்குப் பொருந்தவில்லை என்று நீக்கப்பட்டார்கள். பௌலி டொய்வோனனின் சிட்ரோயன் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. எழுத்தளவில் விதி விதியாகவே இருக்கலாம்; பிரெஞ்சு மண்ணில் பிரெஞ்சு காருக்கு மகுடம் போனதை ஆங்கிலேயர்கள் எளிதில் விழுங்கவில்லை, எனக்கும் தொண்டையில் நிற்கிறது.

மறு ஆண்டே ஆல்டோனனும் லிடனும் திரும்பி வந்து, ஓவே ஆண்டர்சனின் லான்சியாவை 13 விநாடிகளில் முந்தி வென்றார்கள். ஏறும்போது அந்த ஒரு வளைவில் பின்னால் எடுத்துத் திருப்பவே எனக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது.