சீட்டு எழுதிக் கொடுத்தவர்களும் போன் போட்ட டீச்சரும்

எங்களுக்குக் கொலுசு வேலை. சேலத்தில் சிவதாபுரம் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், தெருவுக்கு நாலு பட்டறை இருக்கும். வீட்டுக்காரர் பட்டறையில் பற்றவைக்கிறார், நான் வீட்டில் உட்கார்ந்து சலங்கை கோர்க்கிறேன். நாள் முழுக்கக் கிலுகிலுவென்று சத்தம். அதற்கு நடுவே தொட்டிலில் சின்னவன் அசையாமல் தூங்குவான். "எத்தன நல்ல புள்ள பாரு, அம்மாள வேலை செய்ய உடுது" என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன். அதை இப்போது எழுதவே கை தயங்குகிறது.

பெரியவள் ஒரு வயதிலேயே வாயாடி. இவனுக்கு ஒன்றரை வயதாகியும் "அம்மா" வரவில்லை. ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான், அவங்கப்பனே மூணு வயசுலதான் பேசுனான் என்றார்கள் வீட்டில். காய்ச்சலுக்குக் காட்டப் போன ஒரு கிளினிக்கிலும் அதையே சொன்னார்கள். வசம்பு சுட்டு உரைத்து நாக்கில் தடவினோம். காது கேட்கிறதா என்று எனக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் சந்தேகம் வரும்போதெல்லாம் அதைத் தட்டிவிட ஒன்று நடக்கும். ஆடித் திருவிழாவில் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்கு, அந்த அலங்கார வண்டி ஊர்வலத்துக்கு, தூக்கிக்கொண்டு போயிருந்தோம். தப்பட்டை பக்கத்தில் வந்ததும் இடுப்பில் இருந்தவன் சட்டென்று திரும்பி, தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். "பாத்தியா, கேக்குது!" என்று வீட்டுக்காரர் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

அது காதுக்கு வந்த சத்தமில்லை, உடம்புக்கு வந்த அதிர்வு. ரொம்பப் பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன். கதவை ஓங்கி அடித்தால் தரை அதிரும், கை தட்டினால் காற்று முகத்தில் படும், நிழல் ஆடும். பிள்ளை எதற்கோ திரும்பும், நாம் காதுக்குத்தான் என்று நினைத்துக்கொள்வோம்.

இரண்டு வயதில் அங்கன்வாடியில் விட்டேன். இரண்டாவது வாரம் டீச்சர், "நாளைக்கு வர்றப்போ சலங்கை வெச்ச கொலுசு ஒண்ணு கொண்டு வா கண்ணு" என்றார். எதற்கென்று சொல்லவில்லை. பிள்ளைகள் குனிந்து மணல் அள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று ஆட்டினார். ஏழெட்டுத் தலைகள் திரும்பின. அவன் தலை மட்டும் குனிந்தபடியே இருந்தது. மூன்று தடவை ஆட்டினார். நான் செய்த கொலுசு அது.

அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு 2 தடவை ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வரும், பிள்ளைகளுக்குக் குறை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் அரசுத் திட்டம் அது. எங்கள் மையத்துக்கு வந்துவிட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்போது இவன் சேரவில்லை. அடுத்த முறைக்குக் காத்திருந்தால் ஐந்து மாதம் போயிருக்கும். டீச்சர் அங்கேயே நின்று அந்தக் குழுவின் சிஸ்டருக்குப் போன் போட்டார். "வியாழக்கிழமை பக்கத்து ஊர் ஸ்கூல்ல இருப்போம், கூட்டிட்டு வாங்க" என்றார்கள். இந்தக் கதையில் யாராவது எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது என்றால் அந்த ஐந்து மாதம்தான்.

குழுவின் டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் குறையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பார்க்கும், ஜி.ஹெச்.சில் இருக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பினார். அங்கே பெரா டெஸ்ட். தலையில் ஒயர் ஒட்டி, காதுக்குள் சத்தம் அனுப்பி, மூளை பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை தூங்கினால்தான் எடுக்க முடியும். ராத்திரி இரண்டு மணி வரை நானும் அவரும் மாறி மாறி விளையாட்டுக் காட்டி முழித்திருக்க வைத்தோம். அவன் பஸ்ஸிலேயே தோளில் தூங்கி, டெஸ்ட் ரூம் வாசலில் முழித்துக்கொண்டான். மறுபடி இன்னொரு நாள். (போகிறவர்கள் பக்கத்திலேயே போய் இருந்துகொண்டு தூக்கத்தை அடக்குங்கள், பஸ் ஆட்டத்தை நம்பாதீர்கள்.)

இரண்டு காதுக்கும் சத்தம் 90 டெசிபெலுக்கு மேல் இருந்தால்தான் கேட்கும் என்று வந்தது. அதாவது, பட்டறை மெஷின் ஓடினாலும் இல்லாவிட்டாலும் அவனுக்கு ஒன்றுதான்.

டாக்டர் முதலில் கேட்டது, "சொந்தத்துல கல்யாணமா?" என் வீட்டுக்காரர் என் சொந்த அத்தை மகன். அத்தையும் பக்கத்தில்தான் நின்றார். ஒரே குறையை இரண்டு பேரும் வெளியே தெரியாமல் சுமந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு, உறவுக்குள் கட்டும்போது அப்படி அமைவது அதிகம், ஆனால் இவனுக்கு அதுதான் காரணம் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்று நிதானமாக விளக்கினார். பெரியவளுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடச் சொன்னார். அவளுக்கு ஒன்றுமில்லை. அத்தை இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சாமான் விளக்கிக்கொண்டே, "நாந்தான் பிடிவாதமா எங்க அண்ணன் பொண்ணுதான் வேணும்னேன்" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தண்ணி மொண்டு ஊற்றினேன்.

முதலில் காது மிஷின் மாட்டி மூன்று மாதம் பார்க்க வேண்டும். அதில் பலன் இல்லையென்றால் காக்ளியர் ஆபரேஷன், அதாவது காதுக்குள் ஒரு கருவி வைத்து, வெளியே தலையில் ஒரு மிஷின் மாட்டுவது. 6 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். வெளியில் என்றால் பல லட்சம். கிலோவுக்குக் கூலி வாங்கும் எங்களுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது காகிதம். வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. யாரும் விரட்டவில்லை, யாரும் காசு கேட்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அடுத்த இடத்துக்கு அனுப்புவார்கள். அடுத்த இடத்தில் அந்தச் சீட்டை மடித்து ஃபைலில் வைத்துவிட்டு முதலிலிருந்து கேட்பார்கள். பிறந்ததும் அழுதானா? மஞ்சக்காமாலை வந்ததா? மாசமா இருக்கும்போது அம்மை போட்டுச்சா? பதினோரு இடத்தில் இதே கதையைச் சொன்னேன். ஒரு அலுவலகத்தில் டெஸ்ட் ரிப்போர்ட்டின் அசல் வேண்டும் என்றார்கள். அசல் வேறொரு இடத்தில் ஃபைலில் இருந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அந்தவரை நல்லது. அந்த நாள்களின் கூலியை யார் தருவார்?

நாலு நடை நடந்தும் முடியாத அட்டை, ஒரு ஸ்கூலில் அரை நாளில் முடிந்தது. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருந்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு மருத்துவ முகாம் போடுவார்கள். அதைச் சொன்னதும் டீச்சர்தான். காது டாக்டர், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆள், சிறப்பாசிரியர்கள் எல்லாரும் வரிசையாக பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் ஒரு நகல் குறைந்தது. டாக்டர் பக்கத்து பெஞ்சுக்குச் சாய்ந்து, "சார், இந்தப் பையன் ரிப்போர்ட்ட நான் பாத்துட்டேன், எடுத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான். இதற்குத்தான் நான் நாலு நாள் கூலியை விட்டேன்.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்னாடியே தடுப்பூசி, ஸ்கேன், அப்புறம் ஒரு நாள். மூன்று வாரம் கழித்து மிஷினை ஆன் செய்தார்கள். செல்போன் வீடியோக்களில் குழந்தை சிரிக்கும், அம்மா அழுவார். இவன் அலறி அடித்துக்கொண்டு மிஷினைப் பிடுங்கி எறிந்தான். அப்படித்தான் இருக்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

நிஜமான சிக்கல் அதற்குப் பிறகுதான். பேச்சுப் பயிற்சி மேடத்திடம் வாரம் 2 நாள் போவோம். அவர் சொன்னது: எதிரில் உட்காராதே, பக்கத்தில் உட்கார். கையைக் காட்டாதே, உதட்டையும் பார்க்க விடாதே, முதலில் காதால் வாங்கட்டும். வீட்டுக்கு வரும் சிறப்பாசிரியர் சொன்னது: படத்தைக் காட்டு, சைகையோடு சொல், பிள்ளைக்கு எப்படியாவது புரிய வேண்டும். அங்கன்வாடியிலோ எல்லாம் அபிநயப் பாட்டு, கையை ஆட்டாமல் ஒரு வரி கிடையாது. வீட்டுக்காரர் தன் பங்குக்குக் கத்துவார். இரண்டு மாதத்தில் அவன் எல்லாருடைய கையையும் பார்க்கப் பழகிவிட்டான், காதைத் தீட்டவில்லை. நான் படித்தது பத்தாவது. ஒரு மேடம் சொன்னதை இன்னொரு மேடத்திடம் போய், நீங்க சொல்றது மாத்தி இருக்குதுங்க என்று எந்த வாயால் சொல்வேன்? இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வருவேன்.

இதையும் டீச்சரிடம்தான் புலம்பினேன். "சீட்டெல்லாம் வேண்டாம், நம்பரக் குடு" என்றார். ஒரு சனிக்கிழமை, அங்கன்வாடித் திண்ணையில் சிறப்பாசிரியரும் டீச்சரும் நானும். பயிற்சி மேடம் போனில், ஸ்பீக்கரில். முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் சூடாகத்தான் போனது. மிஷின் மாட்டிய பிறகும் சைகை சொல்லிக் கொடுத்தால் பிள்ளை சுலபமானதைத்தான் பிடித்துக்கொள்ளும் என்றார் மேடம். "குளிக்கும்போது மிஷின் இல்ல, தூங்கப் போறப்ப இல்ல, பேட்டரி தீந்தா இல்ல. அப்ப அந்தப் பையனுக்கு என்ன இருக்குது மேடம்?" என்று சிறப்பாசிரியர் கேட்டார். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அது நாங்கள் வீட்டில் பார்ப்பது. மேடம் ரூமில் மிஷின் எப்போதும் தலையில்தான் இருக்கும்.

நாற்பது நிமிஷத்தில் முடிவானது: மிஷின் தலையில் இருந்தால் முதலில் சத்தம், அப்புறம் கை. மிஷின் கழற்றினால் கை தாராளமாக. பாட்டை ஒரு தடவை கையைக் கட்டிக்கொண்டு பாடுவது, இரண்டாம் தடவை ஆடிக்கொண்டு பாடுவது. பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் ஏறும் முன் மிஷினைக் கழற்ற வேண்டும், அந்த உராய்வு மின்சாரம் ஆகாது என்பதை அங்கன்வாடி ஆயா அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். வாட்ஸ்அப் குரூப் போடலாமா என்று பேச்சு வந்தது. பிள்ளை போட்டோ எல்லாருக்கும் போகக்கூடாது என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக நின்றார், எனக்கும் அது சரியென்று பட்டது. ஒரு 80 பக்க நோட்டு போட்டோம். பையோடு அதுவும் போகும், பார்க்கிறவர் அதில் ரெண்டு வரி எழுதுவார்.

காலையில் அவன் பின்னால் நின்று நான் ஆறு சத்தம் சொல்வேன்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். கேட்டால் டப்பாவில் ஒரு மணி போடுவான். நோட்டில் டிக் போடுவேன். போன மார்கழியில் மூன்று நாள் 'ஸ்'ஸுக்கும் 'ஷ்'ஷுக்கும் டிக் விழவில்லை. வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, கூப்பிட்டால் திரும்பத்தானே செய்கிறான். நோட்டைப் புரட்டிய சிறப்பாசிரியர் அன்றைக்கே மேடத்துக்குப் போன் போட்டார். மைக் மூடியில் அடைப்பு. பாலிஷ் தூசியாகத்தான் இருக்கும். மூடி மாற்றியதும் சரியானது. இப்போது வேலைச் சாமானையெல்லாம் அவன் இருக்கும் இடத்தை விட்டு அறையின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டோம். சலங்கை கோர்க்கும்போது "அம்மா, சத்தம்!" என்று திட்டுகிறான்.

வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. போன வாரம் டீச்சர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கூல் ஹெச்.எம்.மைப் பார்த்தார். நோட்டைக் கொடுத்தோம், நாலு பேர் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தோம். ஹெச்.எம். வகுப்பறைக்குக் கூட்டிப் போனார். முதல் பெஞ்சில் உட்கார வைக்கலாம் என்றார். அதற்கு நேர் மேலே கடகடவென்று ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் அதை அண்ணாந்து பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். "இந்தப் பக்கம் சுவரோரமா போட்டுக்கலாங்களா சார்?" என்று நானே கேட்டேன்.