கை வைச்ச கார்

"தம்பி, இது கை வைச்ச கார். வேண்டாம்."

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஓர் ஐயா சொன்னது. மானிப்பாய்க்காரர், நான் விற்கப் போட்ட காரை மகனுக்காகப் பார்க்க வந்தவர். குனிந்து, சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்தார். ஸ்பிரிங் மாற்றியதால் கார் வழக்கத்தைவிடப் பதிந்து நிற்பது விளங்கிவிட்டது. எழும்பிக் கையைத் துடைத்தார். தேத்தண்ணி குடித்தார், ஊர் விசாரித்தார். காரைப் பற்றி மட்டும் பிறகு வாயே திறக்கவில்லை.

2004ஆம் ஆண்டு நிசான் 350 இசட், ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் ஃபெயர்லேடி என்று பெயர். 3.5 லீட்டர் எஞ்சின், ஆறு சிலிண்டர், 287 குதிரை வலு, இரண்டே இரண்டு சீற். மகள் பிறந்த பிறகு அந்த இரண்டு சீற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு விற்பனையாளரிடம் கொண்டுபோனேன். மாற்றிப் பூட்டிய ஒவ்வொரு சாமானுக்கும் விலை ஏறும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் குறைத்துக்கொண்டே போனார்கள். சரி, நானே விற்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் தனியாள் கார் விற்பதற்கு முறைகள் உண்டு. 20 டொலர் கட்டி வாகனத்தின் வரலாற்றுப் பத்திரத்தை எடுத்து வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்தால் அது 36 நாளுக்குத்தான் செல்லும். நான் எடுத்தது ஆள் வராமலே காலாவதியாகிவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு சுற்று ஓட ஆசைப்பட்ட பெடியன்கள். ஒருவர் பனியில் ஓடும் மெசின் தருகிறேன், மாற்றிக்கொள்வோமா என்றார். மற்றவர்கள் எல்லாரும் வேறு வேறு பாஷையில் அந்த ஐயா சொன்னதையே சொன்னார்கள். ஸ்பிரிங் மாற்றியிருக்கிறாய், சைலென்சர் மாற்றியிருக்கிறாய், அப்படியென்றால் காரைப் போட்டு அடித்திருப்பாய்.

அவர்களுடைய பயம் எனக்கு விளங்காமல் இல்லை. காப்புறுதிக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் அறிவிக்க வேண்டும், தவணைப் பணமும் கூடும். ஆனால் இந்தக் கார் ஒரு குளிர்காலத்திலும் வீதியில் இறங்கியதில்லை. ரோட்டில் போடும் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று நவம்பர் முதல் ஏப்ரல் வரை கராஜுக்குள் போர்த்தி வைத்திருப்பேன். பூட்டிய ஒவ்வொரு நட்டும் நானே அளவு பார்த்து இறுக்கியது. கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைக்கூட எண்ணெய் பூசி, கடதாசியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கை வைப்பது என்றால் பாழாக்குவது என்று எப்போது ஆனது?

நான் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கை வைக்காத எஞ்சினே கிடையாது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத சாமான் ஆனது. அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தப் போத்தல் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் தொடக்கூடாது. வெள்ளைப் புகையோடு கார் ஒழுங்கைக்குள் திரும்பும் முன்பே அந்த மணம் வந்துவிடும்.

1995 ஒக்ரோபர் 30. சண்டைக்குப் பயந்து, எங்கள் ஊர் இருக்கும் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட இரவு. ஒஸ்ரினுக்குள் ஒன்பது பேர், மேலே அம்மாவின் தையல் மெசின். நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக அங்குலம் அங்குலமாக நகர்கிறோம். மழை வேறு. எஞ்சின் நின்று ஆறினால் மண்ணெண்ணெயில் திரும்ப எழும்பாது, போத்தலில் பெற்றோல் அடியில்தான் கிடக்கிறது. அப்பா விடியும் வரை அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கவில்லை. கார் நிற்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அந்தக் காரை விற்றார். சுன்னாகத்திலிருந்து வந்தவர் பொனற்றைத் திறந்து கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரேயொரு கேள்வி: "ஆர் செய்த வேலை?" அப்பா மெக்கானிக்கின் பெயரைச் சொன்னார். வந்தவர் விலை பேசவேயில்லை.

கனடாவுக்கு வந்து பதினெட்டு வருடம். பனி வழிக்கப் பழகிவிட்டேன், வரி கட்டப் பழகிவிட்டேன், இது என் இடம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொருவரும் பொனற்றைத் திறக்கும்போது அந்தக் கேள்விக்காகத்தான் பக்கத்தில் நிற்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை.

போன கிழமை பழைய ஸ்பிரிங்குகளைத் திருப்பிப் பூட்டிவிடுவோம் என்று பெட்டியைத் திறந்தேன். கொக்குவிலிலிருந்து அப்பா வீடியோவில் இருந்தார். "உதை மாத்தினால் வாங்கிறவனுக்குச் சொல்லுவியோ?" என்று கேட்டார்.

"சொல்லத்தானே வேணும்."

"பிறகேன் மாத்துறாய்?"

பெட்டியை மூடினேன். அன்றிரவே விளம்பரத்தைத் திருத்தினேன். அடியில் ஒளித்துவைத்ததுபோல் இருந்த மாற்றங்களை மேலே ஏற்றி, எது, எப்போது, யார் பூட்டியது என்று முதல் வரியிலிருந்தே எழுதினேன். ஒருவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் காசோடு வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வாகனத்தை வெளியே கொடுக்க அம்மா விடமாட்டா. ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.